ஸ்டேஷன் ஒன்று, ஸ்டேஷன் இரண்டு

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடத்தில் எஸ்டேட்டுக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. ஒன்று ஆபீசில் என் மேசைக்கு வந்தது. மற்றது ஃபேக்டரியில் என் மனைவியின் மேசைக்குப் போனது. அதுவரை நான் யார் மேலும் பொறாமைப்பட்டதில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொந்த வீட்டுக்குள் பட்டதில்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. நான் எஸ்டேட் ஆபீசில் இரண்டாவது கிராணி, அதாவது குமாஸ்தா. அவள் ஃபேக்டரியில் கொழுந்து நிறுவைக்குப் பொறுப்பு. ஆபீஸ் மேட்டில், ஃபேக்டரி பள்ளத்தில். நடுவில் முழுக்கத் தேயிலை. பனி இல்லாத நாளில் என் ஜன்னலிலிருந்து ஃபேக்டரியின் தகரக் கூரை தெரியும். இருவரும் பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஃபார்ம் ஃபைவ், பதினோராம் வகுப்பு, வரை படித்தவர்கள். ஆங்கிலத்தில் எனக்கு அவளைவிட நல்ல மார்க். கணக்கில் அவளுக்கு என்னைவிட நல்ல மார்க். கல்யாணப் பேச்சு நடந்தபோதே இதை ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மெஷின்களைப் பொருத்த மலைக்குக் கீழே ஈப்போ நகரத்திலிருந்து ஓர் இளைஞன் வந்தான். எங்கள் ஆள்தான், தமிழன். வெள்ளைக் கார், இஸ்திரி கலையாத சட்டை, கிட்டே வந்தால் சென்ட் வாசம். இரண்டு மெஷின்களுக்கும் நடுவே வயர் இழுத்து, இரண்டு பக்கமும் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை வைத்தான். பெட்டியில் இரண்டு சின்ன விளக்குகள். இங்கிருந்து ஏதாவது போனால் ஒன்று மின்னும், அங்கிருந்து ஏதாவது வந்தால் மற்றது மின்னும்.

"சார், டேட்டாபேஸ் முழுக்க உங்க மெஷின்லதான் இருக்கு" என்று என்னிடம் விளக்கினான். "உங்களுது ஸ்டேஷன் ஒண்ணு. மேடமோடது ஸ்டேஷன் ரெண்டு. அவங்க மெஷின் உங்களுத கூப்பிட்டு டேட்டாபேஸ தொறக்க சொல்லும். உங்க மெஷின் அவங்களுத கூப்பிட்டு, இருக்கியான்னு கேக்கும். அவ்வளவுதான் லா."

என்னுடையது ஒன்று என்றதும் மனசுக்குள் ஒரு நிறைவு. ஆனால் என் காதில் நின்றது அந்த 'மேடம்'தான். எஸ்டேட்டில் அவளை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. ஃபேக்டரியை ஸ்டோர் என்றே சொல்லும் சாமான் கடைக்காரர் 'ஸ்டோர் பொண்ணு' என்பார், லயத்து வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளிப் பெண்கள் 'கிராணியம்மா' என்பார்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதை ஒரு காலைப்பொழுதில் முடித்துவிட்டான். மீதி நேரமெல்லாம் ஃபேக்டரியில்தான் இருந்தான். நிறுவை விவரங்களை ஏற்றுவது அவள் வேலை, சொல்லிக்கொடுக்க அங்கேதான் நிறைய இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அடிக்கடி ஜன்னல் பக்கம் போய் நின்றேன். தகரக் கூரையைப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியுமா?

வீட்டுக்கு வந்தால் அவள் வாயில் அதே பேச்சு.

"என்னங்க, ஒரே ஒரு கீ தட்டினா போதும், எந்த மலையில எவ்வளவு கொழுந்துன்னு வரிசையா வந்து நிக்குது. நானே தட்டுனேன். அவரு, 'மேடம், நீங்க சட்டுனு புடிச்சிக்கிறீங்க'ன்னாரு."

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வாங்க. விக்கிற ஆளுங்கதானே."

"உங்ககிட்ட சொன்னாரா?"

சோற்றைப் பிசைந்தேன். என்னிடம் சொல்லவில்லை.

அவன் ஈப்போவுக்குத் திரும்பிப் போன பிறகு சில மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அவள் விரல்கள் என் விரல்களைவிட வேகமாக ஓடின. மதியம் நிறுவை முடிந்ததும் அவள் ஏற்றும் எண்கள் என் திரையில் ஒவ்வொன்றாக வந்து விழும். பெரிய கிராணி என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்து, "உன் சம்சாரம் பொறி மாதிரி லா" என்பார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நான் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொள்வேன்.

அந்த வருடக் கடைசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு சாயங்காலம் பெரிய இடி இறங்கி எஸ்டேட் முழுக்கக் கரண்ட் போனது. மறுநாள் காலையில் கரண்ட் வந்தது, மெஷின்களும் எழுந்தன. ஆனால் செட்டிங் எல்லாம் அழிந்துவிட்டிருந்தது. டேட்டாபேஸ் கிடைக்கவில்லை என்று அவள் திரை சொன்னது. மறுமுனை பதில் சொல்லவில்லை என்று என் திரை சொன்னது. அன்று பார்த்து மாதக் கடைசி. அந்த மாதக் கொழுந்துக் கணக்கு முழுவதும் முடிந்து தலைமை ஆபீசுக்குப் போயாக வேண்டும்.

எஸ்டேட் மேனேஜரான எங்கள் துரை மலாய்க்காரர். வெள்ளைக்காரர்கள் போய் வெகுகாலம் ஆனாலும் அந்த நாற்காலியில் உட்காருகிறவர் எங்களுக்குத் துரைதான். அவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஈப்போவுக்குப் போன் போடச் சொன்னார். போட்டேன். அவனே எடுத்தான்.

"சார், மேடம் இருக்காங்களா?" முதல் வார்த்தையே அதுதான்.

"அவங்க ஃபேக்டரியில இருக்காங்க. எங்கிட்ட சொல்லுங்க."

"தாப்பா ரோட்டுல மண்ணு சரிஞ்சி கெடக்கு சார். காரு ஏற முடியாது. நா சொல்றத நீங்களே செஞ்சிருங்க. செட்டிங்குக்குள்ள போங்க. ஆபீஸ்ல ஸ்டேஷன் ஒண்ணு, ஃபேக்டரில ஸ்டேஷன் ரெண்டு. ஸ்பீட மட்டும் தொட்டுராதீங்க. மேடத்துக்கிட்ட சொன்னா அவங்களே..."

அதோடு லைன் அறுந்தது. மறுபடி போட்டேன். கிடைக்கவில்லை. நான் அவ்வளவாக வருத்தப்படவும் இல்லை. அவன் இல்லாமல் இதைச் சரிசெய்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. இன்னும் உண்மையைச் சொன்னால், அவளும் இல்லாமல்.

ஆனால் மெஷின்கள் இரண்டு. ஒருவனால் இரண்டு இடத்தில் உட்கார முடியாது. ஆபீசுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே எஸ்டேட் போன் இருந்தது. அதை எடுத்தேன்.

"ஒனக்கு ரெண்டு. எனக்கு ஒண்ணு" என்றேன்.

"செட்டிங்ல ரெண்டு பேஜ் இருக்கேங்க. மொத பேஜ்லயும் ஸ்டேஷன்னு கேக்குது, அடுத்த பேஜ்லயும் ஸ்டேஷன்னு கேக்குது."

என் திரையிலும் அப்படித்தான். இரண்டு பக்கம், இரண்டிலும் ஸ்டேஷன் என்ற ஒரே சொல், பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். கூட வந்த புத்தகத்தைப் புரட்டினேன். 'ஸ்டேஷன் எண்ணை இடவும்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

"ரெண்டுலயும் ரெண்டே போடு. எனக்கு ரெண்டுலயும் ஒண்ணு போடறேன்."

போட்டோம். மெஷின்களை அணைத்து ஏற்றினோம். அதே செய்தி. வயரைப் பிடுங்கித் துடைத்துச் செருகினோம். அதே செய்தி.

பெரிய கிராணி வந்து, "ஈப்போக்காரன் வந்தாத்தான் முடியும் போல" என்றார். "முடியும்" என்று நான் பட்டென்று சொன்னேன்.

அப்போது எனக்கு ஒரு யோசனை. இடி விழுந்ததில் எண்கள் இடம் மாறியிருக்குமோ? ஒன்றை அழித்துவிட்டு இரண்டு போட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை. போன் அடித்தது.

"என்னங்க, நீங்க எதையாவது மாத்துனீங்களா?"

"சும்மா, ரெண்டு போட்டுப் பாத்தேன்."

"ஐயோ! நா இங்க ஒண்ணு போட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன்! அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நானு, ஆளாளுக்கு மாத்துனா எது தப்புன்னு எப்படித் தெரியும்? ஒரு நேரத்துல ஒருத்தர்தான் தொடணும். ஒண்ணத்தான் மாத்தணும்."

அவள் சொன்னது சரி. அதுதான் பொறுக்கவில்லை.

"அப்ப நாந்தான் தொடுவேன். டேட்டாபேஸ் எங்கிட்டதான் இருக்கு."

"சரி, நீங்களே தொடுங்க. நா கைய கட்டிக்கிட்டு பாக்கறேன்."

சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் விட்டுக்கொடுத்தாள். எண்களைப் பழையபடி போட்டோம். என்னுடையதில் ஒன்று, அவளுடையதில் இரண்டு. பிறகு போனைக் காதிலும் தோளிலும் இடுக்கிக்கொண்டு அவள் மெஷினைக் கூப்பிடும் கீயைத் தட்டினேன்.

"தட்டிட்டேன்."

"என் பெட்டியில வர்ற வெளக்கு மின்னல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஏங்க, உங்க பெட்டியில போற வெளக்கு மின்னுதா? இன்னொரு தரம் தட்டிப் பாருங்களேன்."

தட்டிவிட்டுப் பார்த்தேன். காலையிலிருந்து நான் திரையைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன், பெட்டியைப் பார்க்கவே இல்லை. விளக்கு செத்துக் கிடந்தது.

"இல்ல. மின்னல."

"அப்ப உங்க மெஷின விட்டு எதுவுமே வெளிய வரல. கூப்பிடறேன் கூப்பிடறேன்னு சொல்லுது. யாரத்தான் கூப்பிடுது?"

 பின்னணியில் ஃபேக்டரியின் உருளைகள் அரைக்கும் சத்தம் மட்டும் போனில் வந்துகொண்டிருந்தது. நான் செட்டிங்கின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். ஸ்டேஷன், ஒன்று. இரண்டாவது பக்கத்துக்குப் போனேன். ஸ்டேஷன், ஒன்று. அதன் மேலே பொடி எழுத்தில் 'அழைப்பு' என்ற தலைப்பு. இத்தனை நேரமும் அது அங்கேதான் இருந்தது.

"அடியே" என்றேன். "ரெண்டாவது பேஜ்ல கேக்கறது நம்ம நம்பர் இல்ல. நாம கூப்பிட வேண்டிய ஆளோட நம்பரு. என் மெஷின் தன்னையே கூப்பிட்டுக்கிட்டு இருக்கு. ஒன்னோடதும் அப்படித்தான்."

"ஆமாங்க! ஆமா! மாத்துங்க, மாத்துங்க!"

இரண்டாவது பக்கத்தில் மட்டும் ஒன்றை அழித்து இரண்டு போட்டேன். தட்டினேன். போகும் விளக்கு படபடவென்று மின்னியது. "வருது, வருது!" என்று அந்தப் பக்கத்தில் ஒரு கூச்சல். அவள் தன் இரண்டாவது பக்கத்தில் ஒன்று போட்டாள். நிமிடத்தில் டேட்டாபேஸ் திறந்தது. முந்தின நாள் இடியால் பாதியில் நின்ற நிறுவை எண்கள் என் திரையில் வந்து விழத் தொடங்கின.

அந்தச் சில நொடிகள் எனக்கு அவள் மேல் எந்தக் கசப்பும் இல்லை. பக்கத்தில் இருந்திருந்தால், பெரிய கிராணி பார்த்தாலும் பரவாயில்லை என்று கையைப் பிடித்திருப்பேன்.

சத்தம் கேட்டு துரை வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. என் கையிலிருந்த போனை வாங்கி அவளிடம், "பாகூஸ்! பாகூஸ்!" என்று பாராட்டினார். மெஷின் விஷயத்தில் கெட்டிக்காரி அவள்தான் என்பது அவர் மனசில் எப்படியோ பதிந்திருந்தது. அவள் பதில் போனுக்கு வெளியிலும் கேட்டது. மலாயில், "நான் இல்லை துவான், என் சுவாமிதான் கண்டுபிடித்தார்" என்றாள். மலாயில் புருஷனை 'சுவாமி' என்றுதான் சொல்வார்கள். துரை சிரித்தபடி என் பக்கம் திரும்பி, "ஓ, நீயா?" என்றார்.

அந்த 'நீயா'வை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். பாராட்டு என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவள் கொடுத்து வந்தது.

சாயங்காலம் வீட்டில் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்ன?"

"உண்மையத்தானே சொன்னேன்."

"கேள்வி கேட்டது நீதானே?"

"பதில் சொன்னது நீங்கதானே?"

"நீ கேக்கலன்னா நா அந்த வெளக்க பாத்திருக்கவே மாட்டேன்."

"நீங்க சொல்லலன்னா அது யாரோட நம்பருன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது. இப்ப எதுக்குங்க கோவம்?"

 அவள் தேயிலைத் தூள் வாசம் வீசும் தலைமுடியை அவிழ்த்துச் சீவிக்கொண்டிருந்தாள். நான் ரேடியோவைத் திருகினேன்.

ரோடு திறந்ததும் ஈப்போக்காரன் வந்தான். நாங்கள் சொன்னதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தான். "ஐயோ, அந்த ரெண்டாவது பேஜா! எங்க கஸ்டமர் எல்லாரும் அதுலதான் விழுவாங்க. நாந்தான் போன்ல சொல்லியிருக்கணும். யாரு சார் கண்டுபிடிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "நாங்க ரெண்டு பேரும்" என்றாள். அவன் தலையாட்டினான். பிறகு உடம்பை அவள் பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

"மேடம், எங்க ஆபீஸ்ல ஒரு ஆள் தேடறாங்க. கஸ்டமர் போன் பண்ணுனா பேசி, பிரச்சினைய கேட்டு, வழி சொல்லணும். தமிழ், மலாய், இங்கிலீஷ் மூணும் வேணும். பொறுமை வேணும். நா உங்கள பத்தி பாஸ்கிட்ட சொல்லட்டா?"

மூன்று மொழியும் எனக்கும் தெரியும். அதில் ஒன்று அவளைவிட நன்றாகத் தெரியும். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாமான் வாங்க தானா ராத்தாவுக்குப் போனோம். பஸ் ஸ்டேஷன் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். தோசை வந்தது. அவள் பிய்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குப் பொறாமையா?"

"பொறாமையா? எனக்கா?"

"அவரு மேலயா, என் மேலயா?"

இப்படி நேராகக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அவன் மேலதான்" என்றேன். அது சொல்லச் சுலபமான பதில். புருஷன்காரன் வேறொரு ஆண்மேல் பொறாமைப்பட்டால் ஊர் ஒப்புக்கொள்ளும், பெண்டாட்டிகூட உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்படுவாள். பெண்டாட்டியின் மூளைமேல் பொறாமைப்படுகிறவனை யார் ஒப்புக்கொள்வார்கள்?

அவள் சிரித்துவிட்டாள். "அவருக்கு சித்தியவான்ல பொண்ணு நிச்சயம் பண்ணியாச்சு லா. டீச்சரு. போட்டோ பர்சுலயே வச்சிருக்காரு. வர்றப்பல்லாம் எடுத்து எடுத்து பாப்பாரு. உங்ககிட்ட காட்டலியா?"

காட்டவில்லை. இருந்த ஒரே சாக்கும் அந்தத் தோசைத் தட்டுக்கு முன்னால் போய்விட்டது. இனி என்னிடம் மிஞ்சியது அசல் பொறாமை மட்டும்தான்.

"அப்ப நா போகட்டுமா?" என்றாள். "சின்னம்மா வீடு ஈப்போவுலதானே இருக்கு. வாரா வாரம் வந்துடறேன். நீங்க வேணாம்னா வேணாம்."

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் கேட்டிருப்பாள். கேட்டுவிட்டு, நிறுவை மேசையில் உட்கார்ந்து, பொறி மாதிரித் தட்டிக்கொண்டே இருப்பாள், நான் ஜன்னலிலிருந்து தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதை நினைத்ததும் சோர்வாக இருந்தது.

"போ" என்றேன். "தோச ஆறுது, சாப்பிடு."

அவள் போனாள். சனிக்கிழமை வருவாள், ஞாயிறு மத்தியானம் பஸ் ஏறுவாள். ஃபேக்டரி மெஷினில் வேறொருவர் உட்கார்ந்தார். ஒரு நாள் டேட்டாபேஸ் பாதியில் நின்றது. ஈப்போவுக்குப் போன் போட்டேன். "கொஞ்சம் இருங்க, லைன்ல வேற கஸ்டமர்" என்று காத்திருக்க வைத்தார்கள். போனை யாரோ மேசைமேல் அப்படியே வைத்திருந்தார்கள். தூரத்தில் அவள் குரல் கேட்டது. "பரவால்ல சார், பதட்டப்படாதீங்க. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். வெளக்கு மின்னுதான்னு மொதல்ல பாருங்க." யாரோ ஒரு ரப்பர் எஸ்டேட் கிராணியாக இருக்கும். என்ன பொறுமை, என்ன கனிவு!  முகம் தெரியாத அந்த ஆள்மேலும் பொறாமைப்பட்டேன்.

பிறகு என் முறை வந்தது. "எந்த எஸ்டேட்ங்க?" என்று அதே குரலில் கேட்டாள். சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு மூச்சு நின்று, சிரிப்பாக வந்தது. "சாப்பிட்டீங்களா?" என்றாள். அது மற்ற கஸ்டமர்களிடம் கேட்காத கேள்வி என்று நினைத்து ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

ஒரு தரம் பக்கத்து ஊர் பிரிஞ்சாங்கில் வேறு எஸ்டேட் கிராணி ஒருவர், "ஈப்போவுல ஒரு அம்மா போன்ல பேசுறாங்க பாரு, பெரிய ஆளு. நேர்ல வந்து பாத்த மாதிரி சொல்றாங்க" என்றார். அது என் வீட்டுக்காரிதான் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. "கொடுத்து வச்சவன்யா நீ" என்றார். பெருமையாகத்தான் இருந்தது. வீடு திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெருமைக்கு அடியில் மற்றதும் உட்கார்ந்திருந்தது.

ஒரு வருடத்துக்குமேல் அப்படி ஓட்டினோம். அவள் வயிற்றில் பிள்ளை தங்கியதும் நான் எஸ்டேட் வேலையை விட்டேன். ஈப்போவில் ஒரு மொத்தக் காய்கறி வியாபாரியிடம் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்தது. பெரிய கிராணி ஆகியிருக்க வேண்டியவன் என்று எஸ்டேட்டில் சிலர் சொன்னார்களாம். பெண்டாட்டி பின்னால் போனவன் என்று சிலர் சொன்னார்களாம். இரண்டும் உண்மைதான்.

ஈப்போவில் முதல் வாரம் நான் ஒன்றைக் கண்டேன். சாயங்காலம் அவள் வேலை முடிந்து வரும்போது தொண்டை கம்மியிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துவிடுவாள். எஸ்டேட்டில் சோறு ஆறும்வரை மெஷின் பேச்சு பேசியவள், இங்கே வாயே திறக்கவில்லை.

"இன்னைக்கு என்ன பிரச்சினை வந்துச்சு?" என்று கேட்டேன். யாரோடு ரொம்ப நேரம் பேசினாள் என்பதைத்தான் தெரிந்துகொள்ள விரும்பினேன்.

"நாள் பூரா பேசி முடிச்சிட்டேங்க. எல்லாம் அதே செட்டிங்தான்" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே. "நீங்க பேசுங்க. மார்க்கெட்ல என்ன நடந்துச்சு?"

முட்டைக்கோஸ் ஏற்றிய கோபிஸ் லோரி தாப்பா இறக்கத்தில் நின்றுவிட்டதையும், முதலாளி லோரிக்காரனைத் திட்டியதையும், அவன் பதிலுக்குத் திட்டியதையும் சொன்னேன். அவள் கண் திறக்காமலே சிரித்தாள். அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று கேட்டாள்.